ஜாகுவார் இ-டைப்பா, போர்ஷே 911-ஆ?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிப் பராமரிக்க நினைப்பவர்கள் நடுவே இந்த இரண்டு பெயர்களும் தவறாமல் அடிபடும். இரண்டும் அறுபதுகளின் தொடக்கத்தில் அறிமுகமானவை; தொடக்கத்தில் இரண்டிலும் இருந்தது ஆறு சிலிண்டர் என்ஜின்தான். இன்றைய மின்சார ஃபேமிலி கார்கள் பலவும் சிக்னலில் இரண்டையும் எளிதாக முந்திவிடும். எனவே வேகத்தை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. ஓட்டுபவரிடம் எந்தக் கார் என்ன எதிர்பார்க்கிறது என்று பார்க்கலாம்.

இ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமானது. உடலை வடிவமைத்த மால்கம் சேயர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். காற்று எப்படி வழுக்கிப் போகும் என்று கணக்குப் போட்டு அந்த நீண்ட பானட்டை வரைந்தார். 3.8 லிட்டர் என்ஜின், மூன்று கார்புரேட்டர், 265 குதிரைத்திறன், மணிக்கு 240 கி.மீ. என்று நிறுவனம் அறிவித்தது. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். இத்தனையும் இங்கிலாந்தில் சுமார் 2,100 பவுண்டுக்குக் கிடைத்தது. அன்றைய ஆஸ்டன் மார்ட்டின் டிபி4-இன் விலை கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு. அழகைப் பற்றி வாதாட எனக்கு விருப்பமில்லை. சாலையில் போகும் கார்களில் இதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் முதல் மூன்று வருட இ-டைப்பை ஓட்டப் பொறுமை வேண்டும். முதல் கியரில் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, சீட் வசதியில்லை, நெரிசலில் என்ஜின் சூடேறும். 1964-இல் வந்த 4.2 லிட்டர் மாடலில் கியர்பாக்ஸும் சீட்டும் சரியாகிவிட்டன. வாங்குவதென்றால் அதைத்தான் தேட வேண்டும்.

911-இன் கதையே வேறு. 1963 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் 901 என்ற பெயரில் அறிமுகமானபோது அதன் சக்தி வெறும் 130 குதிரைத்திறன். 2 லிட்டர் என்ஜின், காற்றால் குளிர்வது, பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவது. இந்தக் காரின் சிக்கலும் ருசியும் அந்தத் தொங்கலில்தான் இருக்கின்றன. வேகமாக வளைவுக்குள் நுழைந்துவிட்டு, பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாயும், பின் டயர்களின் பிடி தளரும், கனமான பின்பகுதி வெளியே வீசும். ஆரம்பகாலக் கார்களில் இதைச் சமாளிக்க முன் பம்பருக்குள் தலா 11 கிலோ இரும்பு இரண்டு வைத்திருந்தார்கள். 1969 மாடலில் வீல்பேஸை, அதாவது முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை, 57 மி.மீ. நீட்டிய பிறகுதான் நிலைமை சீரானது. சரி, அப்படியானால் இது ஆபத்தான காரா? வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, நடுவில் ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடிக்கப் பழகிக்கொண்டால் அதே எடை பின் டயர்களைச் சாலையோடு அழுத்தி, காரை வளைவிலிருந்து தள்ளிக்கொண்டு வெளியே வரும். இதைக் கற்றுக்கொள்ள வைப்பதற்காகவே எனக்கு 911 பிடிக்கும்.

இன்னொரு பெரிய வித்தியாசம், இ-டைப் எழுபதுகளின் நடுவிலேயே நின்றுவிட்டது. 911-ஐயும் நிறுத்தி, அதன் இடத்தில் போர்ஷேயின் இன்னொரு மாடலான 928-ஐ வைக்கத்தான் திட்டம். 1981-இல் போர்ஷேயின் தலைமைப் பொறுப்பை ஏற்ற பீட்டர் ஷுட்ஸ், சுவரிலிருந்த தயாரிப்புத் திட்ட அட்டவணையில் 911-க்கான கோடு முடிந்த இடத்திலிருந்து அதை அட்டவணையின் வரம்பு தாண்டி நீட்டி வரைந்து அந்தக் காரைக் காப்பாற்றினார். 2024-இல் ஹைபிரிட் 911-ம் வந்துவிட்டது. பழையதை வைத்திருப்பவருக்கு இதனால் என்ன லாபம் என்றால், நிறுவனமே இன்னும் உதிரிபாகம் தருகிறது. இ-டைப்புக்கும் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, ஆனால் பெரும்பாலும் வெளி நிறுவனங்களிடமிருந்து.

மூன்றாவதாக ஒரு வழியும் வந்திருக்கிறது. 2017-இல் ஜாகுவாரே இ-டைப்பின் என்ஜினை எடுத்துவிட்டு பேட்டரியும் மோட்டாரும் பொருத்திக் காட்டியது. 2018-இல் இளவரசர் ஹாரி தன் திருமண நாளில் அத்தகைய காரைத்தான் ஓட்டிச் சென்றார். வெளிப்புறம் அப்படியே இருக்கிறது, புகையும் இல்லை. ஆனால் கியர் மாற்ற வேண்டாம், என்ஜின் சூடாகும்வரை காத்திருக்க வேண்டாம். நான் இந்தக் காரைத் தேடிப் போவதே அந்த வேலைகளுக்காகத்தான், ஆகவே எனக்கு இது வேண்டாம். சட்டமும் இதற்கு அவசரப்படுத்தவில்லை: பிரிட்டனில் பதிவான 40 வயது கடந்த கார்கள் சாலை வரியிலிருந்து விலக்குப் பெறலாம்; லண்டனின் புகைக் கட்டண மண்டலத்திலும் அவற்றுக்குக் கட்டணமில்லை.

அடிக்கடி ஓட்டப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை 911, அதுவும் நீட்டிய வீல்பேஸ் உள்ளது. மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிறுத்திவிட்டு திரும்பித் திரும்பிப் பார்க்கப் போகிறவர்களுக்கு 4.2 இ-டைப். இரண்டிலும் துருவை முதலில் பாருங்கள். போர்ஷே 1976 மாடலிலிருந்துதான் உடல் முழுவதற்கும் துத்தநாகப் பூச்சு கொடுத்தது. இ-டைப்பில் என்ஜினைத் தாங்கும் முன்பக்கக் குழாய்ச் சட்டம் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும்; பளபளப்பான பெயின்டை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.