புது க்ரவுன் பினியன் மாட்டிய அன்றே லோடு ஏற்றிவிடாதீர்கள்

பிக்கப் ஓட்டுபவர்கள் படித்துவிடுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு முறை காசு கொடுத்தவன் எழுதுகிறேன்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன். பின்னால் ஊளைச் சத்தம் வந்ததால் ஒரு பட்டறையில் டிஃபரன்ஷியலை, அதாவது பின் அச்சின் நடுவில் இருக்கிற கியர் பெட்டியைப் பிரித்து, க்ரவுன் பினியன் மாற்றினேன். இன்ஜின் சுற்றலைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிவிடுகிற ஜோடிப் பல்சக்கரம் அது: பெரியது க்ரவுன், சிறியது பினியன். எதையாவது கவனிக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, "நேரா போய் லோடு ஏத்துங்கண்ணே" என்றார் மெக்கானிக். அன்று ராத்திரியே தக்காளி ஏற்றிவிட்டேன்.

பொள்ளாச்சி தாண்டி டீக்கு நிறுத்தினால் கருகல் வாடை. டிஃபரன்ஷியலின் வெளிக்கூடான ஹவுசிங் மேல் பாட்டில் தண்ணீரைத் தெளித்தேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சொய்ங் என்றது. அப்படியென்றால் 100 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "புது கியர் அப்படித்தான் சுடும்."

இதில் பாதி உண்மை, அதனால்தான் ஏமாந்தேன். இந்தப் பற்கள் உருள்வதோடு, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டும் சுற்றுகின்றன. புதுப் பல் படிகிற வரை சூடு கூடுதலாகத்தான் வரும். அதற்காகத்தான் முதலில் காலி வண்டியை 15, 20 நிமிடம் ஓட்டி, நிறுத்தி, முழுசாக ஆறவிட வேண்டும்; அப்படிச் சில தடவை. சுமார் 800 கிலோமீட்டர் வரை கனமான லோடு கூடாது. அப்புறம் ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். பல் படியும்போது உதிர்கிற இரும்புத் தூள் அதில்தான் கிடக்கும். இதில் ஒரு வார்த்தைகூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

1,100 கிலோமீட்டரில் மறுபடியும் ஊளை. வேறு பட்டறைக்குப் போனேன். ஆயில் கரிக்குழம்பாக வந்தது. இரும்புத் தூளைப் பிடித்துவைக்கிற காந்தப் பிளக்கில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லையாம். எனக்கு ஒட்டியிருந்ததோ நகத்துண்டு மாதிரிச் செதில்கள். பல் நுனியெல்லாம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. அங்கிருந்த பெரியவர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, "நம்பரைப் படி தம்பி" என்றார். க்ரவுனில் ஒன்று, பினியனில் வேறொன்று! ஜோடி சேர்த்தே அரைத்து விற்கிற சாமான் இது. வெவ்வேறு செட்டிலிருந்து எடுத்து மாட்டிவிட்டு, பில்லில் 'புது செட்' என்று எழுதியிருக்கிறார்கள்.

பழைய பட்டறைக்குப் போய்க் கேட்டால், ஓவர்லோடு ஏற்றியது என் தப்பாம். எடைச்சீட்டை நீட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

மாட்டுவதற்கு முன் இரண்டு நம்பரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பல்லில் பெயின்ட் தடவிச் சுற்றி, உரசுகிற தடம் எங்கே விழுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். பில்லில் வெறும் 'ஆயில்' என்றிருந்தால் விடாதீர்கள். இந்த மாதிரி கியருக்கான ஜிஎல் 5 என்று கிரேடு போட்டு வாங்குங்கள்.

இரண்டாவது செட்டைப் பெரியவர்தான் மாட்டினார். காலி வண்டியாகவே ஓட்டியதில் வருமானம் போனது, சரி. 800-இல் வடித்த ஆயில் மீன் செதில் கரைத்த மாதிரி மினுமினுத்தது. இப்போது பாலக்காட்டில் லோடு இறக்கியதும் டெம்பரேச்சர் கன் அடித்துப் பார்க்கிறேன். 80-க்கும் 90-க்கும் நடுவில் நிற்கிறது.