ஹட்டன்ல பெட்டிசம் எழுதுற மாடிக் கடை: அஞ்சுக்கு நாலு

பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட மாடியில ஒரு மேசை, ஒரு வாங்கு, டைப் அடிக்கிற ஒரு பிள்ளை, போட்டோ கொப்பி மெஷின். மனு எழுதிக் குடுக்கிற கடை அவ்வளவுதான். பேர் போட வேணாம்னு ஐயாவே சொல்லிட்டாரு. கீழ ஓட்டோக்காரங்ககிட்ட "பெட்டிசம் ஐயா"ன்னு கேட்டா கையைக் காட்டுவாங்க.

நான் போனது அம்மா வேலையை விட்டப்ப தோட்டம் குடுக்க வேண்டிய சேவைக்காலப் பணத்துக்கு. அம்மா தேயிலைத் தோட்டத்துல 31 வருஷம் கொழுந்து எடுத்தவங்க. தோட்டத்துல 22 வருஷத்துக்குத்தான் கணக்குப் போட்டாங்க. முதல் 9 வருஷமும் அன்னன்னைக்குக் காசு வாங்குற கைக்காசு வேலையாம், செக்ரோல்ல, அதான் தோட்டத்து வேலைப் பதிவுல, பேர் இல்லையாம். 1983ஆம் வருஷத்துச் சட்டப்படி நாள் சம்பளக்காரங்களுக்கு முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம். அப்ப 9 வருஷத்துக்கு 126 நாள் சம்பளம் போச்சு. லேபர் ஒபிஸுக்கு மூணு தரம் ஏறி இறங்கி, கடைசியில வந்தது சிங்களத்துல ரெண்டே வரி. 22 வருஷம் சரி, கோவையை, அதான் பைலை, மூடியாச்சு.

ஐயா அந்தக் கடிதத்தை என்கிட்டப் பேசாம அம்மாகிட்டத் தமிழ்ல வாசிச்சுக் காட்டினாரு. ரெண்டு தரம். இதுக்கே நான் ஒரு புள்ளி குடுப்பேன்.

"கோர்ட்டுக்கு எழுதுங்க ஐயா"ன்னேன்.

"கோர்ட்டுல போய் என்ன கேக்கப் போற மகள்?"

"அம்மா 31 வருஷம் வேலை செஞ்சாங்கன்னு."

"அதை அவங்க எண்ண மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்துருச்சு. அப்புறம் அவரு சொன்ன விதம் அம்மாவுக்கே விளங்கிச்சு. கொழும்பு புதுக்கடையில இருக்கிற மேன்முறையீட்டு நீதிமன்றத்துல எழுத்தாணை, அதாவது அதிகாரி முடிவை ரத்துப் பண்ற உத்தரவு, கேட்டுப் போனா, அவங்க கொழுந்து நிறுக்கிற மடுவத்துல வந்து கொழுந்தை மறுபடி நிறுக்க மாட்டாங்க. நிறுத்தவருக்கு நிறுக்க அதிகாரம் இருந்துச்சா, தராசு ஒழுங்கா, உன் கண் முன்னால நிறுத்தாங்களா, தண்ணிக்குன்னு கழிச்ச கிலோவுக்குக் காரணம் சொன்னாங்களா, புத்தியுள்ள எவனும் போடாத கணக்கா அது? இதைத்தான் பாப்பாங்க. அரசியலமைப்புல 140ஆம் உறுப்புரை குடுக்கிற அதிகாரம் அதுதான். அதிகாரி ரெண்டு பக்கமும் கேட்டு, காரணத்தோட 22னு எழுதியிருந்தா, நீதிபதி மனசுல 31தான் சரின்னு பட்டாக்கூட லேசுல கை வைக்க மாட்டாரு.

"காரணமே எழுதலன்னா?"ன்னு கேட்டேன். ஐயா சிரிச்சாரு. 1997ல யுனிக் ஜெம்ஸ்டோன்ஸ் வழக்குல உயர் நீதிமன்றம் சொன்னதாம்: காரணத்தை மறைச்சு வச்சுட்டு, உள்ளுக்குள்ள நல்ல காரணம் இருந்திருக்கும்னு எங்களை நம்பச் சொல்லாதேன்னு. அதுவும் தொழில் ஆணையாளர் குடுத்த ஒரு உத்தரவைப் பத்தின வழக்குதான்.

அதனால அவரு கோர்ட்டுப் பெட்டிசம் எழுதல. ரெண்டு கடிதம் எழுதினாரு. ஒண்ணு, முடிவுக்குக் காரணம் கேட்டு. இன்னொண்ணு, விசாரணைக் குறிப்போட பிரதி வேணும்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல. அதுக்கு 14 வேலை நாளுக்குள்ள தர்றதா இல்லையான்னு பதில் சொல்லியாகணும். மொத்தமா 1,500 ரூபா. வழக்குப் போட்டிருந்தா கொழும்புக்கு ஒரு தடவை போய் வரவே அதுக்கு மேல ஆகியிருக்கும்.

பக்கத்து வாங்குல இருந்த அண்ணன் ஒருத்தர், "தோட்டத்துக்கு வர இருந்த 1,700 ரூபா நாள் சம்பளத்தைக் கெடுத்ததே கோர்ட்டுதான்"னு நடுவுல வந்தாரு. ஐயா அவரை விடல. 2021ல 1,000 ரூபா நாள் சம்பளத்துக்கு எதிரா தோட்டக் கம்பெனிகள் போனப்ப மேன்முறையீட்டு நீதிமன்றம் தடை போட மறுத்துச்சு, 2024 ஜூலையில 1,700 ரூபா வர்த்தமானியை உயர் நீதிமன்றம் இடைநிறுத்துச்சு, ரெண்டு தரமும் மனுசனுக்கு எவ்வளவு சம்பளம் போதும்னு எந்த நீதிபதியும் கணக்குப் போடலன்னு அடிச்சுச் சொன்னாரு.

அதோட நிறுத்தியிருக்கலாம். அமெரிக்காவுக்கே போயிட்டாரு. அங்க 1984ல செவ்ரோன் வழக்குல, சட்டம் தெளிவா இல்லாத இடத்துல அரச நிறுவனம் சொல்ற நியாயமான அர்த்தத்தைக் கோர்ட் ஏத்துக்கணும்னு ஒரு விதி வந்துச்சாம். 40 வருஷம் ஓடிச்சு. ஹெரிங் மீன் பிடிக்கிறவங்க படகுல ஏத்துற கண்காணிப்பாளருக்கு அவங்களே நாளைக்கு 710 டொலர் வரைக்கும் குடுக்கணும்னு அரச நிறுவனம் சொல்லப்போய், அவங்க வழக்காடி, 2024 ஜூன்ல கோர்ட்டே அந்த விதியைத் தூக்கிருச்சு. சட்டத்தோட அர்த்தத்தை இனி நீதிபதியே பாக்கணுமாம். கொழுந்து நிறுக்கிறவருக்குக் கொழுந்து எடுக்கிறவளே சம்பளம் குடுக்கிற மாதிரி இருக்கேன்னு அம்மா சொன்னாங்க. கதை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மஸ்கெலியா பஸ் போயிருச்சு.

விசாரணைக் குறிப்பு வந்துச்சு. அம்மா பிஸ்கட் டின்னுல வச்சிருந்த பழைய சம்பளத் துண்டுகளை விசாரணையில நான்தான் கையில குடுத்தேன். குறிப்புல அதைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. ஐயா அந்த இடத்துல பேனாவால ஒரு கோடு போட்டு, "இதுதான் நம்ம வழக்கு, ஆனா முதல்ல அவங்களுக்கே காட்டுவோம்"னாரு. காட்டினோம். கோவையைத் திறந்துட்டாங்க, அடுத்த மாசம் மறுபடி விசாரணை.

ஒரு புள்ளி ஏன் குறைச்சேன்? படி ரொம்பச் செங்குத்து, முழங்கால் வலியோட அம்மா ஏற கால் மணி நேரம் ஆச்சு. டைப் அடிக்கிற பிள்ளை அம்மா பேரைத் தப்பா அடிச்சிருந்துச்சு, நான் பாக்காம இருந்தா அப்படியே போயிருக்கும். பௌர்ணமி போயா நாள்ல கடை பூட்டு. கொப்பி ஒண்ணுக்கு 20 ரூபா, கீழ கடையில 10தான். எடுத்துக்கிட்டே மேல ஏறுங்க.