யாங், ச்சென், ஸுன்: உங்கள் முட்டிக்கு எந்தத் தாய்ச்சி?

சீனச் சண்டைக்கலையான தாய்ச்சியைக் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன் என்று யாராவது சொன்னால், மாடிப்படி இறங்கும்போது முட்டி வலிக்குமா என்றுதான் நான் முதலில் கேட்பேன். சிரிப்பார்கள். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து, எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே காலையில் பயிற்சி செய்யும் ஆன்ட்டிகளோடு யாங் பாணியில் ஆரம்பித்து, இரண்டு வருடம் கழித்து வீரம் வந்து ச்சென் வகுப்புக்குப் போய், ஐந்தே மாதத்தில் வலது முட்டியைக் கெடுத்துக்கொண்டு, ஸுன் பாணியில் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்து, கடைசியில் யாங்குக்கே திரும்பி வந்த ஆள் நான். அதனால் இந்த அலசல் நடுநிலையானது என்று பொய் சொல்லமாட்டேன்.

முதலில் பெயர்க் குழப்பம். தாய்ச்சியில் வரும் 'ச்சி'யைப் பிராணன், உயிர்மூச்சு என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. அந்தச் 'ச்சி' வேறு, இது வேறு. சீன எழுத்தே வேறு. முழுப்பெயர் தாய்ஜிச்சுவான். தாய்ஜி என்பது யின், யாங் என்ற (இருளும் ஒளியும் போன்ற) எதிரிணை இரண்டையும் தனக்குள் வைத்திருக்கும் பேரெல்லை, ச்சுவான் என்றால் முஷ்டி. ஆக, பெயரிலேயே சண்டை இருக்கிறது. இன்னொன்று, யாங் பாணியில் உள்ள யாங்குக்கும் யின்-யாங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது குடும்பப் பெயர். ச்சென், ஸுன், வூ எல்லாமே குடும்பப் பெயர்கள்தான்.

எந்தக் குடும்பம் முதலில் என்பதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. வூதாங் மலையில் ச்சாங் ஸான்ஃபெங் என்ற தாவோ துறவி, பறவையும் பாம்பும் சண்டை போடுவதைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார் என்பது பழைய கதை. கதை நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. 1930களில் தாங் ஹாவ் என்ற ஆய்வாளர் ஹெனான் மாநிலத்தில் வென் வட்டத்திலுள்ள ச்சென்ஜியாகோ கிராமத்துக்கே போய்க் குடும்ப ஏடுகளைப் பார்த்துவிட்டு, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ச்சென் வாங்திங்தான் மூலவர் என்றார். அதை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு. ஆனால் இன்றுள்ள பாணிகளில் பழையது ச்சென் என்பதில் பெரிதாக யாருக்கும் தகராறு இல்லை. அந்தக் கிராமத்துக்கு வெளியூரிலிருந்து வந்து, ச்சென் ச்சாங்ஷிங்கிடம் கற்றுக்கொண்டு போனவர் யாங் லூச்சான் (1799–1872). வேலைக்காரனாகச் சேர்ந்து, சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தே கற்றார் என்று ஒரு கதை சொல்வார்கள். ஏகலைவன் ஞாபகம் வருகிறதல்லவா, நல்லவேளை இவருக்குக் கட்டைவிரல் போகவில்லை. அவர் பெய்ஜிங் போய் அன்று சீனாவை ஆண்ட மஞ்சு இனப் பிரபுக்களின் வீடுகளில் சொல்லிக்கொடுத்தார். அவருடைய பேரன் யாங் ச்செங்ஃபு (1883–1936) குதிப்பது, தரையை உதைப்பது, திடீரென்று வெடிப்பது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகத்தில், அகலமான அசைவுகளோடு ஒரு வடிவத்தை, அதாவது நிலைகளின் வரிசையை, நிலைநிறுத்தினார். உலகம் முழுக்கப் பூங்காக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதன் வாரிசுதான்.

சரி, வித்தியாசம் எங்கே என்று பார்க்க ஒரே ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். ஒற்றைச் சாட்டை என்று பெயர், மூன்று பாணியிலும் உண்டு. யாங்கில் வலது கை பின்னால் நீண்டு, ஐந்து விரல்களும் குவிந்து கொக்கிபோல் தொங்கும். இடது காலை முன்னால் வைத்து, முட்டியை மடக்கி, இடது உள்ளங்கையை மெதுவாக முன்னே தள்ளவேண்டும். முகமும் நெஞ்சும் கை போகும் பக்கம் பார்க்கும். ச்சென்னில் அதே கொக்கி இருக்கும், ஆனால் கால்கள் பக்கவாட்டில் அகலமாக விரிந்து, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி இடுப்பு கீழே இறங்கி, நெஞ்சு நேரே பார்க்க, இடது கை பக்கவாட்டில் திறந்து விழும். பார்த்தாலே தொடை எரியும். ஸுன்னில் கொக்கியே கிடையாது. இரண்டு உள்ளங்கைகளும் திறந்து இரு பக்கமும் நீளும், உடம்பு கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கும். பெயர் ஒன்று, உடம்பு மூன்று. வகுப்பில் சேருவதற்கு முன் இந்த ஒரு நிலையை மூன்று பாணியிலும் வீட்டுக் கண்ணாடி முன் நின்று செய்து பாருங்கள், எந்த நிலையில் மூச்சு முட்டாமல் பத்து எண்ணும்வரை நிற்க முடிகிறது என்று. பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

யாங் பாணியில் சேருபவர்களுக்கு முதலில் கிடைப்பது 24 நிலை வடிவம். இது குடும்பச் சொத்து இல்லை, 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை யாங் பாணியைச் சுருக்கித் தொகுத்தது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரிப்பது, வெண்கொக்கு சிறகு விரிப்பது, மேகக் கைகள் என்று பெயர்களே அழகாக இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் வரிசை மனப்பாடம் ஆகிவிடும். அங்கேதான் பிரச்சினை. மனப்பாடம் ஆனதும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் லாவ்ஷி (சீனத்தில் வாத்தியார்) எழுபது தாண்டியவர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, மாதக் கட்டணம் என்று வாங்கமாட்டார், சீனப் புத்தாண்டுக்கு ஆளுக்கு ரெண்டு ஆரஞ்சு கொண்டுபோய்க் கொடுப்போம், அவ்வளவுதான். நான் ஜம்மென்று 24ஐயும் செய்து முடித்த அன்று, அருகில் வந்து என் முன்னங்காலைத் தன் செருப்பு நுனியால் லேசாகத் தட்டினார். கால் நகரவில்லை. "இன்னும் காலியாகவில்லை" என்றார். குதிகாலை முதலில் வைத்து, எடை ஒரு துளிகூட அதில் இறங்காமல், வேண்டுமென்றால் திருப்பி எடுத்துவிடலாம் என்ற நிலையில் வைத்த பிறகுதான் எடையை ஊற்றவேண்டும். பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி. நான் செய்துகொண்டிருந்ததோ மெதுவாக விழுவது. அன்றிலிருந்து ஆறு வாரம் வெறும் நடைதான், கையே கிடையாது. பக்கத்தில் பயிற்சி செய்த மலர் அக்கா, "என்ன தம்பி, மறுபடி ஒண்ணாங்கிளாஸா?" என்று கேட்டதை இன்னும் மறக்கவில்லை.

24 போதுமா என்றால், ஆரோக்கியத்துக்காகவே வருபவர்களுக்குப் போதும். பாணியின் ருசி வேண்டும் என்றால் நீள வடிவத்துக்குப் போகவேண்டும். எண்ணுகிறவரைப் பொறுத்து 85, 103, 108 என்பார்கள், எல்லாம் ஒரே வரிசைதான், எங்கே வெட்டி எண்ணுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். இருபது நிமிடத்துக்குமேல் ஓடும். அந்தப் பன்னிரண்டாவது நிமிடத்தில் தோள் தானாக இறங்கும் பாருங்கள், ஐந்து நிமிட வடிவத்தில் எனக்கு அது ஒருநாளும் வந்ததில்லை.

இப்போது ச்சென். யாங் மறைத்து வைத்திருப்பதை இவர்கள் வெளியே காட்டுகிறார்கள், அதுதான் இதன் கவர்ச்சியே. வடிவத்தின் ஆரம்பத்திலேயே வஜ்ரவீரன் உரலில் இடிப்பது என்று ஒரு நிலை வரும். இடது உள்ளங்கை வயிற்றுக்கு முன் உரல்போல் குழிந்திருக்க, வலது முஷ்டி உலக்கையாக அதில் இறங்கும், அதே நொடியில் வலது கால் தரையில் தொம்மென்று விழும். சீனர்கள் ஜின்காங் என்று சொல்வது வஜ்ரம் என்ற சொல்லின் மொழிபெயர்ப்பு, பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போனது. உரலும் உலக்கையுமாக அதைப் பார்த்தபோது எனக்கு ஆத்தா வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. மெதுவாகப் போய்க்கொண்டே இருந்து, சட்டென்று தோளும் இடுப்பும் உதறி ஒரு குத்து வெடிக்கும். அதற்கு ஃபாஜின் என்று பெயர். நடுவில் எல்லா அசைவும் முறுக்கிக்கொண்டே போகும், பட்டுக்கூட்டிலிருந்து நூல் இழுப்பது என்பார்கள்: வேகமாக இழுத்தால் அறும், நிறுத்தினால் சிக்கும். இரண்டாவது வடிவத்துக்குப் பீரங்கி முஷ்டி என்றே பெயர், அதைச் செய்கிறவர்களைப் பார்த்தால் இதற்கும் பூங்கா ஆன்ட்டிகளுக்கும் என்ன உறவு என்று தோன்றும்.

முட்டி போன கதைக்கு வருகிறேன். அந்த வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் முப்பதுக்குக் கீழே. வாத்தியார் திறமைசாலி, ஆனால் முதல் வாரத்திலிருந்தே "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்பது மட்டும்தான் வாயிலிருந்து வரும். எனக்கோ நாற்பத்தாறு வயது, பக்கத்துப் பையன் இறங்கினால் நானும் இறங்குவேன் என்ற ரோஷம் வேறு. தாழ்ந்து நின்றதால் மட்டும் முட்டி போகவில்லை. பாதம் தரையில் ஒட்டிக்கிடக்க, இடுப்பு திரும்பாமல், அந்தத் திருப்பத்தை முட்டி வாங்கிக்கொண்டதுதான் காரணம் என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். முட்டி கதவுக் கீல் மாதிரி, மடங்கும் நிமிரும், திருகினால் தாங்காது. திருகவேண்டியது இடுப்பு மூட்டு. என் இடுப்போ பதினெட்டு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து இறுகிப்போயிருந்தது. ஆகவே ச்சென் ஆபத்தானது என்று நான் சொல்லவில்லை. உயரமாக நின்று, முதல் ஆறு மாதம் இடுப்பைத் திறக்கும் பயிற்சியோடு, 18 நிலைகள் கொண்ட குறுகிய வடிவத்தில் ஆரம்பிக்கச் சொல்லும் வாத்தியார் கிடைத்தால் தாராளமாகப் போங்கள்.

ஸுன் பாணியைப் பலர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். ஸுன் லூதாங் (1860–1933) ஏற்கெனவே ஷிங்யி, பாகுவா என்ற இரண்டு சண்டைக்கலைகளில் பெயர் எடுத்தவர், ஐம்பதை ஒட்டிய வயதில்தான் ஹாவ் வெய்ச்சென்னிடம் தாய்ச்சி கற்று, மூன்றையும் கலந்து தனிப் பாணி ஆக்கினார். நிமிர்ந்த நிலை. ஒரு கால் முன்னே போனால் மற்றது பின்னாலேயே ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும், பின்னால் போனாலும் அப்படியே. திசை மாறும்போதெல்லாம் நெஞ்சுக்கு முன் ஒரு பந்தைப் பிடித்து விரித்து மூடுகிற மாதிரிக் கைகள் திறந்து மூடும். எடை ஒரே காலில் நெடுநேரம் தங்காது, அதனால் முட்டிக்கு நிம்மதி. சிட்னியில் வாழும் டாக்டர் பால் லாம் மூட்டுவலிக்காரர்களுக்கென்று 1997இல் ஒரு பயிற்சி உருவாக்கியபோது இந்தப் பாணியைத்தான் அடிப்படையாக எடுத்தார். எனக்கு எட்டு மாதம் கைகொடுத்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், கொஞ்சம் போரடித்தது. அந்தச் சின்னச் சின்ன அடிகளில் எனக்கு நடனம் தெரிந்ததே தவிர ஆழம் தெரியவில்லை. குறை என்னிடமும் இருக்கலாம்.

வூ பாணி பற்றி ஒரு வரி: மஞ்சு குடும்பத்திலிருந்து வந்தது, உடம்பு லேசாக முன்னால் சாயும், அசைவுகள் சின்னவை, இடம் குறைவாக உள்ளவர்களுக்கு நல்லது. நான் கற்றதில்லை, அதனால் இதோடு விட்டுவிடுகிறேன்.

அப்புறம், பலன். இங்கேதான் வாட்ஸ்அப் வைத்தியர்கள் புகுந்து விளையாடுகிறார்கள், சர்க்கரை போகும், புற்றுநோய் போகும் என்று. ஆய்வுகள் காட்டுவது அதைவிடச் சின்னது, ஆனால் உருப்படியானது. 2012இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் 195 பார்க்கின்சன் நோயாளிகளைத் தாய்ச்சி, எடைப் பயிற்சி, வெறும் நீட்டல் பயிற்சி என மூன்றாகப் பிரித்து, வாரம் இரண்டு முறை 24 வாரம் செய்யவைத்தார்கள். உடல் சமநிலையில் தாய்ச்சிக் குழு மற்ற இரண்டையும் முந்தியது. கீழே விழுவது நீட்டல் குழுவைவிடக் குறைந்தது, எடைப் பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டால் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. 2016இல் முட்டித் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வில், 12 வாரத் தாய்ச்சி வழக்கமான பிசியோதெரபிக்குச் சமமாக வலியைக் குறைத்தது. கவனிக்கவேண்டியது என்னவென்றால், இந்த இரண்டாவது ஆய்வில் கற்றுக்கொடுத்தது யாங் பாணி. இதைக் காட்டிவிட்டு, தாழ்ந்து நிற்கும் ச்சென்னும் முட்டிக்கு நல்லது என்று ஒருவர் விளம்பரம் செய்தால் நான் நம்பமாட்டேன். எடை குறைக்க வருபவர்கள் மூன்று பாணியிலுமே ஏமாந்துதான் போவார்கள், அவர்கள் ஓடப் போகலாம்.

ஆக, முட்டி நன்றாக இருந்து, முப்பதுக்குள் வயதும் இருந்து, இது சண்டைக்கலையாமே, எங்கே காட்டு என்று கை துறுதுறுத்தால் ச்சென். ஏற்கெனவே முட்டி தேய்ந்து, டாக்டர் படியேறாதே என்று சொல்லியிருந்தால் அவரிடமே கேட்டுவிட்டு ஸுன். மற்ற எல்லோருக்கும் யாங், அதுவும் 24ஓடு நின்றுவிடாமல். ஆனால் ஊரில் யாங்குக்கு மோசமான வாத்தியாரும் ச்சென்னுக்கு நல்ல வாத்தியாரும் இருந்தால் பாணியை மறந்துவிட்டு வாத்தியாரைப் பாருங்கள். ஒரு நாள் சும்மா ஓரமாக உட்கார்ந்து, வாத்தியாரைக்கூட வேண்டாம், நாலைந்து வருடமாக வருகிற மாணவர்களின் முன்முட்டியை மட்டும் கவனியுங்கள். அது கால்விரல் இருக்கும் திசையிலேயே போகிறதா, விரல் நுனியைத் தாண்டாமல் நிற்கிறதா, உள்பக்கம் சரிகிறதா. நாலு பேருக்குச் சரிந்தால், அந்த வகுப்பு வேண்டாம்.

நான் இப்போது நீள வடிவத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை லாவ்ஷி மறுபடி வந்து செருப்பு நுனியால் தட்டினார். கால் நகர்ந்தது. ஒன்றும் சொல்லாமல் மலர் அக்காவின் காலைத் தட்டப் போய்விட்டார்.