வளைபரப்பு ஜெட்டின் இரைச்சல்: பல் விளிம்பா, நுண்ஜெட்டா?

வளைந்த பரப்பை ஒட்டியபடியே திரும்பும் ஜெட்டுக்கு, அதாவது குறுகிய பிளவிலிருந்து வேகமாகப் பாயும் வாயுத் தாரைக்கு, கோவாண்டா விளைவுதான் (பாய்வு அருகிலுள்ள பரப்பை ஒட்டிக்கொள்ளும் போக்கு) அடிப்படை. எண்ணெய் வயல்களில் வாயுவை எரிக்கும் ஃபிளேர் முனைகளில், சுற்றுக் காற்றை இழுத்துக் கலந்து புகையைக் குறைக்க இது உதவுகிறது. ஆனால் சத்தம் கடுமை. ஜெட் சுற்றுக் காற்றோடு கலக்கும்போது எழும் கலப்பு இரைச்சலின் ஒலித்திறன் ஜெட் வேகத்தின் 8-ஆம் அடுக்கில் ஏறும் என்பது 1952-இல் லைட்ஹில் தந்த விதி. ஒலிவேகத்தைத் தாண்டினால் அதிர்ச்சி அலைகளின் இரைச்சலும் கீச்சொலியும் சேர்ந்துகொள்ளும்.

இரைச்சலைக் குறைக்க, ஜெட் வெளிவரும் பிளவின் உதட்டைப் பல் பல்லாக வெட்டுவது எளிய வழி. போயிங் 787 எஞ்சின் உறையின் பின்விளிம்பிலும் இதே உத்திதான். பற்கள் கிளப்பும் சுழல்கள் பெரிய சுழிப்புகளை உடைப்பதால் தாழ்ந்த ஒலி அடங்கும். உயர்ந்த ஒலி கொஞ்சம் கூடலாம். பற்களால் வரும் ஆற்றல் இழப்பு எப்போதும் இருக்கும், வேண்டாதபோது அவற்றை அணைக்க முடியாது.

நுண்ஜெட்டில் சிறு துளைகள் வழியே அழுத்தக் காற்றைப் பீய்ச்சுகிறோம். தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம்: முதன்மை ஜெட்டின் அழுத்தம் மிகுந்தால் அது பரப்பை விட்டுப் பிய்த்துக்கொள்ளும், மறுபடி ஒட்ட, பிய்த்துக்கொண்ட அழுத்தத்தைவிட நன்றாகக் கீழே இறக்க வேண்டும். நுண்ஜெட்டைச் சரியான இடத்தில் பீய்ச்சினால் எல்லைப் படலம் (பரப்பை ஒட்டிய மெல்லிய பாய்வு அடுக்கு) வலுப்பெற்று அந்தப் பிரிவைத் தள்ளிப்போடலாம். ஆனால் குழாய், வால்வு, அடைபடும் துளை என்று தொல்லையும் உண்டு.

ஆளில்லாமல் வெக்கையில் நிற்கும் ஃபிளேருக்குப் பல் விளிம்பையே தேர்வேன். ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் இரைச்சலை அடக்க வேண்டிய, இதே வளைபரப்பு ஜெட்டைப் பயன்படுத்தும் விமான இறக்கைக்கு நுண்ஜெட்.