குட்டித் தீவுக்குக் கட்சி தேவையா?

ஆங்கிலக் கால்வாயில் உள்ள குயெர்ன்சித் தீவில் 2020 சட்டசபைத் தேர்தலில் 38 இடங்களுக்கு 119 பேர் நின்றார்கள், தீவு முழுக்க ஒரே தொகுதி, ஒருவர் 38 பேருக்கு வரை ஓட்டுப் போடலாம். அத்தனை பேர் அறிக்கையையும் யார் உட்கார்ந்து படிப்பது? கட்சி இருந்தால் அந்தத் தலைவலி குறையும், வரியை ஏற்றினால் யார் சட்டையைப் பிடிப்பது என்றும் தெரியும் என்பார்கள்.

இரண்டு பெரிய கட்சிகள் மோதும் தீவு நாடான மால்டாவில் அது தெரியும், சரி. ஆனால் அங்கே 1981இல் அதிக வாக்கு வாங்கிய தேசியக் கட்சி எதிர்க்கட்சியானது, அதிக இடங்களைப் பிடித்த தொழிற்கட்சி ஆட்சியில் அமர்ந்தது, அப்புறம் ஒரே ரகளை.

கட்சி ஆட்சி இல்லாத குயெர்ன்சியில் சபை உறுப்பினர்களே குழுக்களாகத் துறைகளை நடத்துகிறார்கள். நேற்று எதிர்த்து ஓட்டுப் போட்டவரோடு இன்று ஒரே மேசை. வேலை மெதுவாகத்தான் நகரும். இருந்தாலும் எனக்கு இதுதான் மேல். தொகுதிகளைத் திரும்பப் பிரித்தாலே வாக்குச்சீட்டு சுருங்கிவிடும், அதற்குக் கட்சி எதற்கு?