காரைக்குடிப் பரணில் இருந்த பதினொரு ரீல்கள்

பொங்கலுக்கு மெல்போர்னிலிருந்து காரைக்குடிக்குப் போயிருந்தபோது, பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் தரும்படி அக்கா சொன்னார். மூடியைத் திறந்ததும் புளித்த காடியின் நெடி மூக்கில் ஏறியது. பினாங்கில் வேலை பார்த்த காலத்தில் அப்பா எடுத்த எட்டு மில்லிமீட்டர் சினிமா பிலிம் ரீல்கள் பதினொன்றும், படம் பிடித்தும் லேபில் கொடுத்துக் கழுவாத பிலிம் கார்ட்ரிட்ஜ் (உறை) ஒன்றும் அதற்குள் இருந்தன. ஒரு ரீல் 50 அடி நீளம். நொடிக்கு 18 சட்டகம் வீதம் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடியில் முடிந்துவிடும்.

விடுமுறை குறைவு என்ற அவசரத்தில், வீடியோ கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தரும் ஒரு கடைக்கு முதலில் எடுத்துப் போனேன். அவர்கள் பழைய புரொஜெக்டரில் ஒரு ரீலை ஏற்றி, சுவரில் விழும் படத்தைக் கேமராவில் பிடிக்க முயன்றார்கள். சுருங்கிப்போன பிலிமின் ஓரத்துத் துளைகள் புரொஜெக்டரின் பற்களுக்குப் பொருந்தாமல், ஒரு முழம் அளவுக்குக் கிழிந்த பிறகுதான் நிறுத்தச் சொன்னேன். அந்த ஒரு முழத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. காடி நெடி அடிக்கும் ரீலை யார் சொன்னாலும் புரொஜெக்டரில் ஏற்ற விடாதீர்கள்.

பிறகு நண்பர் ஒருவர் சொல்லி, சென்னையில் கோடம்பாக்கம் பக்கம், திரைப்பட லேபில் நெடுங்காலம் வேலை பார்த்த பெரியவர் ஒருவரின் சிறிய பணியறைக்குப் போனேன். அவர் எந்த இயந்திரத்தையும் தொடாமல், ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு நீலக் காகிதப் பட்டையை வைத்து மூடி, மறுநாள் வரச் சொன்னார். அமிலத்தின் அளவைப் பொறுத்து அது பச்சையாகவும் பின் மஞ்சளாகவும் மாறுமாம். நான்கு டப்பாக்களில் மஞ்சளே வந்தது. பிலிமின் செல்லுலோஸ் அசெட்டேட் அடித்தளம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடியில் உள்ள அதே அசெட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது என்றும், வெளிவந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது என்றும், துருப்பிடித்த தகர டப்பா அதற்குத் துணைபோகிறது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். சிதைந்ததைத் திருப்ப முடியாது. வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். ஃபியூஜி நிறுவனத்தின் சிங்கிள்-8 வகை ரீல்கள் இரண்டு மட்டும் பாலியெஸ்டர் அடித்தளம் கொண்டவை என்பதால் நெடியே இல்லாமல் இருந்தன. ஆனால் பூஞ்சை அவற்றையும் விடவில்லை, ஏனென்றால் அது தின்பது படம் பதிந்திருக்கும் மேலேயுள்ள ஜெலட்டின் படலத்தை.

சுத்தம் செய்வதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். முகமூடி அணிந்து, மென்மையான தூரிகையால் உலர்ந்த பூஞ்சையைத் தட்டிவிட்டார். பிறகு, நூல் உதிராத துணியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தொட்டு, பிலிமை அதன் நடுவே கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டு, சில அடிக்கு ஒருமுறை துணியை மடித்து மாற்றிக்கொண்டே போனார். தண்ணீர் கூடவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து, படமே துணியோடு வந்துவிடும். ஒட்டு விட்ட இடங்களைப் புதிதாக ஒட்டி, ரீல்களைத் தளர்வாகச் சுற்றி, காற்று போகும் பிளாஸ்டிக் டப்பாக்களில் வைத்து, மஞ்சள் காட்டிய நான்கையும் மற்றவற்றிலிருந்து பிரித்துவிட்டார். அதன் பிறகே பற்சக்கரம் இல்லாத ஸ்கேனரில் ஏற்றினார். கட்டணம் அடிக் கணக்கில்தான். முன்பணமாக ஒரு ரூபாயும் கேட்கவில்லை. கோடாக் நிறுவனத்தின் வண்ணப் பிலிமான கோடாக்ரோமின் நிறங்கள் இருட்டில் நன்றாக நிலைக்கும் என்பதால், அம்மாவின் அரக்குப் புடவை நிறம் மாறாமல் திரையில் வந்தபோது அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

கழுவாத கார்ட்ரிட்ஜை மட்டும் அவர் வாங்க மறுத்தார். அதுவும் கோடாக்ரோம்தான். கோடாக்ரோமைக் கழுவிய கடைசி லேப், அமெரிக்காவின் கன்சாஸில் இருந்தது, 2010 டிசம்பரோடு சுருள்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. இனி அதைக் கறுப்பு வெள்ளையாகத்தான் கழுவ முடியும், அதிலும் படம் மங்கலாகவே வரும் என்று சொல்லி, தனக்குப் பழக்கமில்லாத வேலையைச் செய்து கெடுக்க மனமில்லை என்றார். கழுவிய ரீல்களுக்கு எக்ஸ்ரேயால் கெடுதல் இல்லை, கழுவாததற்கு உண்டு என்பதால், விமான நிலையத்தில் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இயந்திரத்தில் விடாமல் சோதிக்கும்படி கேட்டேன், ஒப்புக்கொண்டார்கள். இப்போது அது இரண்டு உறைகளுக்குள் குளிர்பதனப் பெட்டியில் இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் கழுவிப் பழகியவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.