ஒரு சொல்லை வைத்துச் சோதித்த கையகராதி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ரூ.180 கொடுத்து, கல்லூரியில் படிக்கும் என் மகளுக்காக வாங்கிய ஆங்கிலம்-தமிழ்க் கையகராதி ஆறு மாதமாக எங்கள் வீட்டில் புழங்குகிறது. எழுத்து தெளிவாக இருக்கிறது, தையலும் இன்னும் விடவில்லை. ஆனால் அகராதிக்கு உயிர் அது பொருள் சொல்லும் விதத்தில்தான் இருக்கிறது என்பதால், மகள் தடுமாறிய 'சாங்குவின்' (sanguine) என்ற ஆங்கிலப் பெயரடையைக் கொண்டே இதை மதிப்பிடுகிறேன்.

'இரத்தச் சிவப்பான, நம்பிக்கையுள்ள' என்பதோடு அகராதி நிறுத்திக்கொள்கிறது. இரண்டும் பிழையல்ல, ஆனால் குருதிக்கும் நம்பிக்கைக்கும் என்ன உறவு என்று படிப்பவர் திகைக்கிறார். இலத்தீனில் 'சாங்குயிஸ்' என்றால் குருதி. குருதி, கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்களில் எது மிகுகிறதோ அதற்கேற்ப ஒருவரின் இயல்பு அமைகிறது என்ற கிரேக்க மருத்துவக் கருத்து, பழங்கால மருத்துவர் கேலன் வழியாக ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலைத்தது. அதன்படி குருதி மிகுந்தவர் சிவந்த முகமும் மலர்ந்த மனமும் உடையவர். அந்த மருத்துவம் வழக்கொழிந்த பின்னும் மனமலர்ச்சி சொல்லில் தங்கிவிட்டது.

இதைச் சொல்லும் ஒரு வரி விளக்கமாவது தமிழருக்குக் கட்டாயம் வேண்டும். சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என மூன்றைச் சொல்கிறது. செந்நீர் எனப்படும் குருதியோ அம்மூன்றில் சேராமல், உடலை ஆக்கும் ஏழு உடற்கட்டுகளில் ஒன்றாக வருகிறது. பேச்சிலும் இரத்தம் கொதித்தால் அது சினம். ஆகவே என் மகள் இச்சொல்லுக்கு 'முன்கோபி' என்றே முதலில் பொருள் கொண்டாள்.

'நம்பிக்கையுள்ள' என்பதும் வழுக்குகிறது, ஏனெனில் நம்பத்தகுந்தவரையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். மாம்பூ பாதி கருகிய பிறகும் இவ்வாண்டு விளைச்சலைப் பற்றித் தளராமல் பேசும் தோட்டக்காரரே 'சாங்குவின்'. 'தெம்பான' என்று போட்டிருந்தால் இன்னும் நெருங்கியிருக்கும். எதைப் பற்றிய தெம்பு என்பதைச் சொல்ல 'அபௌட்' (about) என்ற ஆங்கிலச் சொல் சேரும் என்பதும், எதிர்மறையில் இச்சொல் மிகுதியாக வரும் என்பதும் பதிவில் இல்லை.

பக்கத்திலேயே உள்ள 'சாங்குவினரி' (sanguinary) என்ற சொல்லுக்கும் 'இரத்தமான' என்று மட்டும் போட்டிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அது இரத்தம் சிந்தும் கொடுமையைக் குறிப்பது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் நல்ல மனிதர் கொலைவெறியராகிவிடுவார்.

பள்ளிப் பாடத்துக்கு இந்த அகராதி போதும். கல்லூரி மாணவர்கள் விலை கூடினாலும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ள பெரிய அகராதியையே வாங்க வேண்டும்.